தப்பியவர்களுக்கு மட்டுமா அமைதி?

அச்சமும் துன்பமும் சூழும் வேளையில் விசுவாசம் அமைதி தருகிறது என்று நாம் மறையுரைதோறும் கூறி வருகிறோம். அது எத்தகைய அமைதி என்று எதிர்க்கேள்வி கேட்போர் குறைவு. கேட்ட ஒருவரை நாம் அறிவோம். அன்று முதல் அச்சொல்லை முன்போல் எளிதாக உச்சரிக்க இயலவில்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் திரளாகக் கூடியிருந்தனர். சுமத்ரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, காலை ஒன்பது மணியளவில் நம் கரையில் ஏறியது. கடலில் நீராடிக்கொண்டிருந்தவர்களும் கரையில் நின்றவர்களும் வாரிச் செல்லப்பட்டனர். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பேராலயத்தினுள் கடல்நீர் புகவில்லை. உள்ளே திருப்பலியில் இருந்தோர் உயிர் பிழைத்தனர்.

இந்தக் கடைசிச் செய்தியே காவிரிக் கரை ஊர்களெங்கும் வியப்போடு பேசப்பட்டது. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நாமும், அடுத்த ஞாயிறு மறையுரையில் மாதா தம் பிள்ளைகளைக் காத்த விதத்தை உருக்கமாக எடுத்துரைத்தோம். பூசை முடிந்ததும் ஒரு தாய் வந்து நின்றார். நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று பிழைப்பவர். நேர்த்திக்கடன் செலுத்தச் சென்ற மகளை வேளாங்கண்ணிக் கரையில் பறிகொடுத்தவர். அவர் வீட்டுத் துக்கத்திற்கு நாமே சென்று வந்திருந்தோம். ஆயினும் மறையுரை தயாரிக்கையில் அவர் முகம் நினைவுக்கு வரவில்லை.

"சாமி, உள்ள இருந்தவங்கள மாதா காப்பாத்துனாங்கன்னு சொன்னீங்க. வெளியில நின்ன எம் பொண்ணு மாதாவுக்கு என்ன குத்தம் பண்ணுனா?"

குரலில் கோபமில்லை. விடையை அறிந்துகொள்ளவே கேட்டார்.

குருமடத்தில் இவ்வினாவை ஒரு பருவம் முழுதும் படித்திருந்தோம். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழாவன்று லிஸ்பன் நகரில் நிலம் அதிர்ந்தபோது, வழிபாட்டிற்குக் கூடியிருந்தோர் மீதே கோவில்கள் இடிந்து விழுந்தன. எல்லாம் நன்மைக்கே என்னும் தத்துவத்தை வால்ட்டேர் எள்ளி நகையாட அந்நிகழ்ச்சியே காரணமாயிற்று. அங்கே உள்ளே இருந்தவர்கள் மாண்டார்கள். இங்கே வெளியே நின்றவர்கள் மாண்டார்கள். சுவருக்கு எப்புறம் நின்றார் என்பதைக் கொண்டு இறையன்பை அளக்கப் புகுந்தால், இவ்விரு நாள்களும் ஒன்றையொன்று பொய்யாக்கிவிடும்.

பிழைத்தவர் நன்றி கூறுவதில் பிழையில்லை. அந்நன்றி, இறந்தவர் மீது தீர்ப்பாக மாறும்போதுதான் அது விசுவாசமாக இராமற்போகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த பதினெண்மர் மற்றவரைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று ஆண்டவர் ஐயத்திற்கிடமின்றி மறுக்கிறார். கேட்போரை மனமாற்றத்திற்கு அழைக்கிறார். ஆனால் அவர்கள் ஏன் இறந்தனர் என்று விளக்கவில்லை. அவர் விளக்காததை நாம் விளக்கத் துணிந்தோம்.

தம் அமைதியை விட்டுச் செல்வதாக அவர் சீடர்களிடம் கூறியதும் சாவுக்கு முந்திய இரவில்தான். உயிர்த்த பின், அச்சத்தால் பூட்டிய கதவுகளுக்குள் வந்து மீண்டும் அமைதி கூறியபோது, கைகளையும் விலாவையும் அவர்களுக்குக் காட்டினார். காயங்கள் மறைந்துவிடவில்லை, அவற்றைக் காட்டியபடியே அமைதி வழங்கினார். மாதாவும் காப்பாற்றப்பட்ட பிள்ளையின் தாயல்லவே! நம் பீடங்களில் அவருக்கு அணிவிக்கும் பட்டாடையின் பளபளப்பில் சிலுவையடியில் நின்ற அப்பெண்ணை நாம் மறந்துவிடுகிறோம்.

இவற்றையெல்லாம் அத்தாயிடம் அன்று சொல்லவில்லை. மறையுரையில் தவறிவிட்டோம் என்று மட்டும் சொன்னோம். பின்னர் பல மாதங்கள் மாலை வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஜெபமாலை சொன்னோம். கடலோர ஊர்களில் உப்பேறிய வயல்களை உழவர்கள் மீட்டுக்கொண்டிருந்த காலம் அது. வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி வடித்து, ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். ஒரே மழையில் உப்பு இறங்கிவிடவில்லை. அந்தத் திண்ணையிலும் ஒரே மாலையில் எதுவும் மாறிவிடவில்லை. மகளின் பெயரை உரக்கச் சொல்ல அவருக்கு ஓராண்டு பிடித்தது.

டிசம்பர் 26 வரும்போதெல்லாம் வேளாங்கண்ணியில் திருப்பலிக்குப்பின் நினைவுத்தூணருகே பல சமயத்தாரும் கூடி மன்றாடுகின்றனர். அத்தாயும் தவறாமல் வருவார். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததா என்று ஒருமுறை தயங்கித் தயங்கி வினவினோம்.

"கெடைக்கல சாமி. அவங்ககிட்டதான் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று பேராலயத்தின் பக்கம் கையைக் காட்டினார். பிறகு, மறுநாள் நடவு இருப்பதாகவும் தஞ்சாவூர்ப் பேருந்து போய்விடும் என்றும் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.