துவக்கும் நிய்யத்தும்

கொல்வது துவக்கா, அதைப் பிடித்திருக்கும் கையா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வர். செயல்களை எண்ணங்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்ற நபிமொழியை எடுத்துக்காட்டி, குற்றம் நிய்யத்தில்தான், இரும்பில் இல்லை என்பர். பாவத்தை நிறுக்க இது சரியான தராசு. மரணத்தைத் தடுக்கவும் இதுவே போதுமா என்பதுதான் எனது கேள்வி.

புஹாரியிலும் முஸ்லிமிலும் வேறு இரண்டு அறிவுறுத்தல்கள் உள்ளன. அம்புகளோடு பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ வருபவர் அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தன் சகோதரனை நோக்கி எவரும் ஆயுதத்தை நீட்டலாகாது. ஷைத்தான் அந்தக் கையை அசைத்துவிடக் கூடும். தொழ வருபவரின் நிய்யத்தில் குறை இருந்திருக்க நியாயமில்லை. இருந்தும் முனை மறைக்கப்பட வேண்டியிருந்தது. நல்லவர் கையையும் முழுதாக நம்பிவிடாத எச்சரிக்கை அது.

நமது மாவட்டத்தின் காட்டோரங்களில் பன்றிக்காகக் கட்டுத்துவக்குக் கட்டுகிறார்கள். கம்பியில் கால் பட்டதும் அது வெடிக்கும். விறகுக்குப் போனவரின் கால் சிதையும் வேளையில் அங்கே கையும் இல்லை, நிய்யத்தும் இல்லை. துவக்கு மட்டுமே இருக்கிறது.

உலக சுகாதாரப் பேரவை 1996 இல் வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அறிவித்தது. மலேரியாவைத் தடுக்க நாம் நுளம்பு பெருகும் நீரைத் தேடுகிறோம், நோயாளியைக் கண்டிப்பதில்லை. துவக்குகள் மலிந்த அமெரிக்காவில் துவக்கால் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்வோர்.

நமது வட்டைகளில் அந்த இடத்தில் இருந்தது கிருமிநாசினி. 1995 அளவில் இலங்கையில் ஆண்டுதோறும் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவ்வாண்டில் மிகக் கொடிய நச்சு மருந்துகள் தடைசெய்யப்பட்டன. 1998 இல் எண்டோசல்பானும் தடையானது. 2005 அளவில் அந்த விகிதம் பாதியாகக் குறைந்தது. சாக நினைத்தவன் வேறு வழி தேடிக்கொள்வான் என்போருக்கு இதுவே பதில். கடனும் குடும்பச் சண்டையும் ஒழிந்துவிடவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த நஞ்சுதான் குறைந்தது. பலருக்கு அந்த எண்ணம் ஒரு சிறு பொழுதில் கடந்து போகிறது; அப்பொழுதில் கையில் என்ன இருந்தது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

இதை இங்கே சொல்வது இலகுவல்ல என்பதை அறிவேன். 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரும் இரத்தத்தில் நனைந்தது. "நம்மட கையிலயும் ஒரு துவக்கு இருந்திருந்தா" என்று கல்முனை முதல் பொத்துவில் வரை பேசினோம். அந்தப் பேச்சை அச்சமே பேச வைத்தது. அந்த அச்சம் பொய்யல்ல. நமது இளைஞர்கள் ஊர்காவல் படையில் சேர்ந்தனர்.

ஆனால் 1992 ஏப்ரலில் அழிஞ்சிப்பொத்தானையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் என்ன நடந்தது? அயலிலுள்ள முத்துக்கல், கரப்பொல கிராமங்களில் பெண்களும் குழந்தைகளுமாகத் தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்தது. காப்பதற்கென்று கொடுத்த துவக்குத்தான் அது. நிய்யத் ஒரே இரவில் மாறியது. துவக்கு கையிலேயே இருந்தது.

துவக்கு, அதை ஏந்தியவரையும் விட்டுவைப்பதில்லை. எனது சாச்சா ஒருவர் எட்டு வருடம் ஊர்காவலில் இருந்தவர். எவரையும் சுட்டதில்லை. துவக்கை ஒப்படைத்துப் பல வருடங்களுக்குப் பின்னர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ராவைக்கு நாய் குரைச்சா கை தானாச் சுவர் மூலைக்குப் போகுது மகன்." இதற்கு மருந்து உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதை வயதின் கோளாறு என்றே வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

யுத்தம் 2009 இல் முடிந்தது. எனினும் யானைக்கும் பன்றிக்குமென வாங்கிய துவக்குகள் இன்றும் வீடுகளில் உண்டு. அவ்வாறான வீட்டில் ஒருவர் மனம் நொந்து தூக்கமின்றித் திரிகிறார் என்றால், அல்லது உடன்பிறந்தோரிடையே காணிச் சண்டை முற்றிவிட்டது என்றால், துவக்கைச் சில காலத்துக்கு அங்கிருந்து அகற்றுவிப்பது குடும்பத்துப் பெரியவர்களின் கடமை. மனம் நொந்தவரை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதும் அவ்வாறே. இவற்றை அவர்மீதுள்ள சந்தேகமாக எவரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பள்ளிவாசலில் அம்பு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களையும் எவரும் சந்தேகிக்கவில்லை.