எதிர்வரிசையில் அமர்ந்திருப்பவர்

இலண்டன் மாநகரின் தேசிய உருவப்படக் கூடத்தில் பெரியதோர் ஓவியம் இருக்கிறது. பொஹீமியாவில் பிறந்த கார்ல் அன்டன் ஹிக்கல் என்னும் ஓவியர் 1793 முதல் 1795 வரை உழைத்து வரைந்தது அது. பிரான்சு தங்கள்மீது போர் அறிவித்துவிட்ட செய்தியை முன்வைத்து, பிரிட்டனின் தலைமை அமைச்சர் வில்லியம் பிட் மக்களவையில் உரையாற்றுகிறார். 24 வயதிலேயே தலைமை அமைச்சரானவர்; அப்போது அவருக்கு வயது 33. இவ்வோவியத்தின் அச்சுப் படிகளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைப்போர் இன்றும் உண்டு. போர்க்காலத் தலைவரின் வீறு காண்போரைக் கவர்வது இயல்பே.

ஆயினும் இப்படம் நம்மிடம் ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. நாடு ஆபத்தில் இருக்கும்போது தலைவரை எதிர்த்துப் பேசுவது அறமாகுமா?

படத்தைச் சற்று உற்று நோக்குவோம். நிற்பவர் பிட். அவருக்கு எதிர்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ். பிட்டின் போர்க்கொள்கையை முழு மூச்சாக எதிர்த்தவர். 1793 பிப்ரவரியில் போருக்கு எதிராக அவர் கொணர்ந்த தீர்மானத்துக்கு ஆதரவாக 44 பேரும் எதிராக 270 பேரும் வாக்களித்தனர். அத்தனை பெரிய தோல்விக்குப் பின்னும் அவர் பேசுவதை நிறுத்தவில்லை. ஓவியரும் அவரை ஒதுக்கிவிடவில்லை.

கத்தோலிக்கராகிய நம் மனம் இங்கே பிட்டின் பக்கம் சாய்வது எளிது. 1792 செப்டம்பரில் பாரிஸ் நகரில் கொல்லப்பட்ட ஆயர்களையும் குருக்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களோடு மாண்டோர் உட்பட 191 பேருக்கு 1926இல் திருச்சபை அருளாளர் பட்டம் அளித்தது. நாட்டைவிட்டுத் தப்பி வந்த குருக்கள் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரிட்டன் அடைக்கலம் தந்தது. அத்தகைய புரட்சி அரசை எதிர்த்து ஒருவர் போரிடும்போது, அவருக்கு இடையூறாக இன்னொருவர் பேசலாமா? ஃபாக்ஸ் பிரெஞ்சுப் புரட்சியின்மீது வைத்த நம்பிக்கை மிகையானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அச்சம் ஒரு நாட்டை எங்கே இட்டுச் செல்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 1794இல் பிட்டின் அரசு ஆட்கொணர்வுச் சட்டத்தை நிறுத்தி வைத்தது. விசாரணையின்றியே மக்களைச் சிறையில் அடைத்து வைக்கலாம் என்றாயிற்று. வாக்குரிமையைப் பரவலாக்கக் கோரிய தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளிமீது நாட்டுத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. நடுவர் குழுவினர் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். அடுத்த ஆண்டே, 50 பேருக்கு மேல் கூடும் அரசியல் கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. வெளியே பகைவனை எதிர்க்கப் புறப்பட்ட அரசு, உள்ளே தன் குடிமக்களின் வாய்க்கு அஞ்சத் தொடங்கிவிட்டது. அப்போது அவையில் எழுந்து நின்று அச்சட்டங்களைக் கண்டித்தவர் ஃபாக்ஸ். போரைப் பற்றிய அவரது கணிப்பு தவறாகவே இருந்திருக்கலாம். ஹார்டியைப் போன்றவர்களுக்கு அன்று அவர் தேவைப்பட்டார்.

இப்படத்தில் இன்னும் ஒன்றைக் காணவேண்டும். அதில் இல்லாதவர்கள் யார்? மக்களவை கூடிய அவ்விடம் முற்காலத்தில் அரசரின் சிற்றாலயம். நம் முன்னோர் முடியப்பர் என்றழைத்த புனித ஸ்தேவானின் பெயர் கொண்டது. உறுப்பினர்கள் எதிரெதிரே அமரும் வழக்கமே அங்கிருந்த பாடற்குழு இருக்கைகளிலிருந்து வந்தது என்பர். அந்தப் பழைய ஆலயத்தில் 1829 வரை கத்தோலிக்கர் ஒருவரும் உறுப்பினராக அமர இயலவில்லை. அவர்களது உரிமைக்காக 1801இல் பிட் மன்னரிடம் வாதாடினார். மன்னர் மறுக்கவே பதவி விலகினார். இது அவருக்குப் பெருமை சேர்ப்பதே. ஆனால் 1804இல் மீண்டும் பதவியேற்றபோது, அக்கோரிக்கையை இனி வற்புறுத்துவதில்லை என்று இசைந்துவிட்டார். மறு ஆண்டு அயர்லாந்துக் கத்தோலிக்கரின் விண்ணப்பம் மக்களவைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஃபாக்ஸ். எதிர்த்து வாக்களித்தோரில் பிட்டும் ஒருவர்.

இருக்கை இல்லாதவர்களின் குரல் எவ்வழியாக அவைக்குள் நுழைகிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஆட்சியில் இருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அவருக்கு மன்னர் உண்டு, போர் உண்டு, காக்கவேண்டிய பதவி உண்டு. அவர் பேசாமல் விட்டதைப் பேச எதிர்வரிசையில் ஒருவர் வேண்டும். அவரைத் துரோகி என்று சொல்லி வெளியேற்றும்போது, அவரையே நம்பி வாசலில் காத்திருக்கும் எளியோரையும் சேர்த்தே வெளியேற்றுகிறோம்.

எதிர்ப்பவருக்கும் ஓர் அறம் உண்டு. 1806 ஜனவரியில் பிட் 46 வயதில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கடனை அடைக்க நாடாளுமன்றம் 40,000 பவுண்டு வழங்க முன்வந்தபோது, ஃபாக்ஸ் மனமுவந்து ஆதரித்தார். ஆனால் பிட்டைத் தலைசிறந்த அரசியல் அறிஞர் என்று பாராட்டி நினைவுச்சின்னம் எழுப்பும் தீர்மானத்துக்கு அவர் உடன்படவில்லை. தம் மனச்சான்று ஏற்காத புகழுரையைச் சாவின் பெயராலும் சொல்ல அவர் விரும்பவில்லை. மனிதருக்குச் செய்யவேண்டிய கடமை வேறு, அவர் கொள்கையை ஏற்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் எவ்வளவு எளிதில் மறந்துவிடுகிறோம்! பகைவரென்றால் அவருடைய பிணத்தின்மீதும் கல்லெறிகிறோம். இறந்துவிட்டாரென்றால் அவர் செய்த தவற்றுக்கும் மாலையிடுகிறோம்.

அதே ஆண்டு ஜூனில், அடிமை வணிகத்தை ஒழிக்கவேண்டும் என்ற தீர்மானத்தை ஃபாக்ஸ் மக்களவையில் முன்மொழிந்தார். பிட்டும் முன்பு ஆதரித்துப் பேசிய கோரிக்கை அது. செப்டம்பரில் ஃபாக்ஸும் மறைந்தார். 1807இல் சட்டம் நிறைவேறியது. வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இருவருடைய கல்லறைகளும் அருகருகே உள்ளன.

தலைவர்களின் படங்களை மாட்டுவதில் குற்றமில்லை. நன்றி மறவாமை நற்பண்பே. ஆனால் நம் வீட்டில், பங்கில், சங்கத்தில் நெருக்கடி வரும்போது நாம் முதலில் செய்வது என்ன? ஒற்றுமையின் பெயரால் மாற்றுக் கருத்துடையவரை வாய்மூடச் செய்கிறோம். அவருக்கும் ஓர் இருக்கை கொடுத்துப் பேசவிடுவது தலைவருக்குக் கடினமான கடமை. அவர் சொல்வது தவறாக இருக்கலாம் என்று தெரிந்தும் கேட்பது அதனினும் கடினம். ஆயினும் படத்தில் இல்லாத எளியோரின் பொருட்டு அந்தக் கடமையை ஏற்றுத்தான் ஆகவேண்டும்.