பசுவின் சவ்வும் நம் இருதயமும்

இருதய வால்வு கெட்டுப் போச்சு, மாத்தணும் என்று டாக்டர் சொன்னால் வீட்டில் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" அடுத்து, "ஆபத்தா டாக்டர்?" அந்த வால்வு எதனால் செய்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் வரும் பதில் சில குடும்பங்களைத் தூக்கிவாரிப் போடும். மாட்டின் இருதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வை வெட்டித் தைத்தது, இல்லாவிட்டால் பன்றியின் வால்வையே பதப்படுத்தியது.

தேவார வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி இதைத்தான் கேட்டான். "அண்ணே, நம்ம வீட்டுல மாட்டிறைச்சி தொடமாட்டோம். மாட்டுச் சவ்வை நெஞ்சுக்குள்ள வெச்சுக்கலாமா?" சுற்றியிருந்த சிலர் சிரித்தார்கள். எனக்கு அது சிரிக்கிற கேள்வியாகப் படவில்லை. பொறியியல் படிக்கிறவன் என்பதால் முதலில் அந்தச் சாதனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இருதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒரு வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை தடவையும் வால்வு திறந்து மூட வேண்டும். செயற்கை வால்வில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று உலோகம், கார்பன் போன்றவற்றால் ஆனது. நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதன்மேல் ரத்தம் உறையும் என்பதால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும், அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும், கீரை சாப்பிடும் அளவைக்கூட ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். இரண்டாவது வகை, விலங்குத் திசு. குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்தினால் உடம்பு அதை எதிர்க்காது என்று 1960-களின் கடைசியில் பாரிசில் அலேன் கார்பாந்தியே என்ற மருத்துவர் காட்டினார். இதற்கு ஆயுள் முழுக்க வார்ஃபரின் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துவிடலாம், இளம் வயதில் இன்னும் சீக்கிரம்.

இப்போது இருபத்தைந்து வயதுள்ள ஒரு அக்காவை நினைத்துப் பாருங்கள். குழந்தை வேண்டும் என்கிறார். வார்ஃபரின் கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. திசு வால்வு என்றால் பிரசவம் சுலபம், ஆனால் நாற்பது வயதுக்குள் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். அவருக்கு முன்னால் இருப்பது "மாடா, உலோகமா" என்ற ஒரு கேள்வி மட்டும் இல்லை.

சைவம் பார்க்கிறவர்கள் உலோகத்தைத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கலாம். அதற்கு நம் இனத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் என்ற ஆய்வு மருத்துவமனை. அங்கே டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து இந்தியாவிலேயே ஒரு வால்வு செய்ய முயன்றார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத ஏழைகள் அங்கே ஏராளம், அதிலும் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள். முதல் மாதிரி சரிவரவில்லை. அடுத்து செயற்கை நீலக்கல்லில் தட்டு செய்து பார்த்தார்கள். இரும்பைவிடக் கடினமான கல், ஆனால் அது தன்னைத் தாங்கும் உலோகத்தையே தேய்த்தது. இன்னொரு மாதிரியில், விலங்குச் சோதனையின்போது அந்தத் தட்டே உடைந்தது. கடைசியில் வெற்றி கொடுத்தது ஒரு சாதாரண விஷயம்: கோபால்ட் கலப்புலோகச் சட்டத்துக்குள் ஒருவகைக் கெட்டியான பாலித்தீன் தட்டு. 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். சென்னை டிடிகே நிறுவனம் தயாரிக்க, ஒரு லட்சம் பேருக்கு மேல் அது போய்ச் சேர்ந்தது.

அந்த வால்வில் மாடும் இல்லை, பன்றியும் இல்லை. ஆனால் அது மனிதனுக்கு வருமுன் செம்மறியாடுகளின் இருதயத்தில் ஓடிப் பார்த்தது. உலகத்தில் எந்த இருதய வால்வும் விலங்குச் சோதனை இல்லாமல் சந்தைக்கு வருவதில்லை. தட்டு உடைந்தபோது அது ஒரு ஆட்டின் நெஞ்சுக்குள் உடைந்தது. மனிதனுக்குள் உடையாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

வார்ஃபரின் கதையைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. ஏன் என்று தேடியதில் கிடைத்த வேதிப்பொருளின் வழியாக வந்ததுதான் வார்ஃபரின். முதலில் அதை விற்றது எலி மருந்தாக! மாடு வேண்டாம் என்று உலோகத்துக்குப் போனவருக்கும் தினமும் விழுங்குகிற மாத்திரையில் மாட்டின் கதை இருக்கிறது.

இதில் நம்மவர்கள் சட்டென்று சொல்லும் இரண்டு பதில் உண்டு. "ஆபத்துக்குப் பாவமில்லை" என்பது ஒன்று. "செத்தாலும் சரி, மாடு வேண்டாம்" என்பது இன்னொன்று. இரண்டிலும் யோசிக்கிற வேலை மிச்சம், அதனால்தான் எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு வாதம் உண்டு, என் வகுப்பு நண்பர்கள் சொல்வது. சவ்வுக்காக யாரும் மாட்டை வெட்டுவதில்லை, இறைச்சிக்கு வெட்டியதில் மிச்சமாவதை எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கணக்குப் பார்த்தால் சரி. ஆனால் திருவள்ளுவர் புலால் மறுத்தலில் வாங்குகிறவனையும் விடவில்லையே. கத்தி பிடித்தவன் மட்டும் பொறுப்பு இல்லை, அவன் கடைக்குப் போகிறவனுக்கும் பங்கு உண்டு என்கிறார். மருத்துவம் என்றாலும் நாம் அந்தக் கடைக்குப் போகிறோம். நாவுக்காகப் போவதும் உயிருக்காகப் போவதும் ஒன்றில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பங்கே இல்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மனுநீதிச் சோழன் கதை நமக்கெல்லாம் தெரியும். திருவாரூரில் இளவரசன் தேரில் ஒரு கன்று செத்தது. "கன்றுக்குட்டிதானே" என்று ராஜா சொல்லவில்லை. அதே சமயம் இனிமேல் தேரே ஓடக்கூடாது என்றும் அவர் சட்டம் போடவில்லை. நான் அந்தக் கதையில் பார்ப்பது இதைத்தான். தேர் ஓடும், ஆனால் சக்கரத்தின் கீழ் போன உயிருக்குக் கணக்கு உண்டு.

இன்னொன்று, தீட்டு. சிலருக்கு உயிர்க்கொலையைவிட "மிருகத்தோட உறுப்பு உடம்புக்குள்ள" என்பதுதான் உறுத்தல். அவர்களிடம் நான் பிள்ளையாரைக் காட்டுவேன். ஆதிகாலத்திலேயே நமக்கு உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை தெரியும் என்று பெருமையடிக்க இல்லை; அந்தப் பேச்சு எனக்குக் கூச்சமாக இருக்கும், புராணத்தை ஆய்வுக்கூட அறிக்கையாகப் படிப்பது இரண்டுக்கும் மரியாதை இல்லை. யானைத் தலையோடு இருக்கிறவரைத்தான் எல்லாக் காரியத்துக்கும் முதலில் கும்பிடுகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன். வலியத்தான் ஐயா பின்னாளில் சரகரைப் படித்துப் புத்தகம் எழுதினார். அந்தச் சரக சம்ஹிதையிலேயே மாமிசம் மருந்தாக வருகிறது. நம் பாட்டன்மார் நாம் நினைக்கிற அளவு சுலபமான ஆட்கள் இல்லை.

இது ஏதோ நூற்றில் ஒருத்தருக்கு வருகிற கேள்வி என்றும் நினைக்க வேண்டாம். நம் குடும்பங்களில் டயாலிசிஸ் போகாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. அங்கே ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பரின், உலகில் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்துதான் எடுக்கிறார்கள். வாரம் மூன்று முறை ஊசி போட்டுக்கொள்ளும் எத்தனை தாத்தா பாட்டிக்கு இது தெரியும்? நம் மலாய் நண்பர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட உஷார். மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நாம் கோயில் பிரசாதத்தில் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

கேட்பதால் என்ன ஆகும் என்பீர்கள். இன்சுலினைப் பாருங்கள். ஒரு காலத்தில் அது பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்துதான் வந்தது. மனித இன்சுலினை பாக்டீரியாவில் தயாரிக்க முடியும் என்றானதும் 1982-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இன்று நம் அம்மா போட்டுக்கொள்வது பெரும்பாலும் அந்த வழியில் வந்தது. வால்விலும் பாலிமர் இதழ்களை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. பாயான் லெப்பாசில் பி. பிரவுன் 1972-இலிருந்து இருக்கிறது. மருத்துவச் சாதனத் தொழிற்சாலைகள் இங்கேயும் பத்து காவானிலும் பெருகிவிட்டன. நம் அண்ணன் அக்காமார் எத்தனையோ பேர் அங்கே வேலை செய்கிறார்கள். எதனால் செய்வது என்ற கேள்வி நம் ஊர்ப் பிள்ளைகள் மேசைக்கும் வரக்கூடியது.

தம்பிக்கு நான் சொன்ன பதில்: எனக்கு வந்தால் வாங்கிக்கொள்வேன், ஆனால் தெரிந்து வாங்கிக்கொள்வேன். உன் அப்பாவுக்கு வந்தால் அவர்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கூடிப் பேசி, "அப்பாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாரு" என்று கையெழுத்துப் போடுவதுதான் இதில் எனக்குத் தெரிந்த நிச்சயமான தப்பு. ஆயுள் முழுக்கத் திருநீறு பூசி, செவ்வாய் வெள்ளி விரதம் இருந்த மனிதரின் நெஞ்சுக்குள் என்ன வைக்கிறோம் என்பதை அவரிடம் மறைக்க யாருக்கும் உரிமையில்லை, பெற்ற பிள்ளைக்கும்.

அவன் விடவில்லை. "அப்பா வேணாம்னு சொல்லிட்டா?" வேண்டாம் என்றால் உலோக வால்வு உண்டா, அவர் வயதுக்கும் சிறுநீரகத்துக்கும் வார்ஃபரின் ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அதுவும் முடியாது என்றால்? நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டின் கதையை, கன்றின் கதையை, அக்காவின் கதையை எல்லாம் சொல்லு, பிறகு இன்னொரு தடவை கேளு என்றேன்.