அடைப்பதா, ஒப்படைப்பதா?

"தஞ்சோங் ரம்புத்தான்" என்று நம்மவர் சொன்னால் அது ஊர்ப் பெயரன்று, ஏச்சு. ஈப்போவை அடுத்த அவ்வூரில் 1911-ல் மனநோயாளருக்கு ஆஸ்பத்திரி கட்டினார்கள். பிறகு அதற்கு 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, என்று பெயரும் வைத்தார்கள். ஏச்சு மட்டும் மாறவில்லை. சுங்கை சோவில் என் கடைக்கு வருவோரும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அரசாங்கம் சட்டம் இயற்றி, படுக்கைகளைக் கூட்டிவிட்டால், சித்தம் கலங்கிய நம் வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை தீர்ந்துவிடுமா? இதுவே கேள்வி.

இராமநாதபுரம் ஜில்லாவைப் பூர்வீகமாகக் கொண்ட வியாபாரிகளில் ஏர்வாடியை அறியாதார் இலர். 2001 ஆகஸ்டு 6 விடியற்காலை அங்கே தனியார் விடுதியொன்று தீப்பற்றியது. உள்ளிருந்த மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 பேர் மாண்டனர். சங்கிலி பூட்டியவர் விடுதிக்காரர், மெய்தான். ஆனால் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர் யார்? மாதாமாதம் பணம் அனுப்பினால் போதும் என்று எண்ணும் மனம் நம்மிடமும் இல்லையா?

அவ்விடுதிகள் மூடப்பட்டன. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் தடுத்தது. ஏர்வாடி தர்காவிலேயே டாக்டர் உட்கார்ந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. துஆவை விடச் சொல்லவில்லை, மருந்தையும் சாப்பிடச் சொன்னார்கள். எனக்கு இது மிகவும் சரியென்றே படுகிறது.

மலேசியாவிலும் அதே 2001-ல்தான் மனநலச் சட்டமும் சிறார் சட்டமும் நிறைவேறின. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய மனநலச் சட்டம் 2010-ல் அமலுக்கு வந்தது. உறவினர் மனுக் கொடுத்து, டாக்டர் பரிந்துரைத்தால், சம்மதியாத நோயாளியையும் சேர்த்துக்கொள்ள அது இடம் தருகிறது. ஆக, கையெழுத்து நம்முடையது. நாம் வியாபாரிகள், பிறர் கிட்டங்கியில் சரக்கைப் போட்டுவிட்டு ரசீதைக் கிழித்தெறிவோமா? ஈரம் பட்டதா, எலி கடித்ததா என்று போய்ப் பார்க்கிறோம். மிளகாய் மூட்டைக்கே அந்தக் கவலை!

வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நோயும் உண்டு. பெண்டு பிள்ளைகள் அடிபடும் வீட்டில் போய்ப் பொறுமையை உபதேசிப்பது அழகன்று. படுக்கைகள் வேண்டும், இன்னும் வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. கோர்ட்டார் துனாஸ் பக்தி பள்ளிக்கு அனுப்பும் பையன்களுக்கும் இது பொருந்தும். மகனை அங்கே விட்டுவிட்டு, ஊரார் கேட்டால் "வேலைக்குப் போயிருக்கிறான்" என்று சொல்லி மறைப்பது பாதுகாப்பாகாது.

சூரத்துன் நிஸாவின் ஐந்தாம் வசனத்தைப் பாருங்கள். விவரமறியாதவரிடம் பொருளை ஒப்புவிக்க வேண்டாம். அதிலிருந்து அவருக்கு உணவளியுங்கள், உடையளியுங்கள், அவரிடம் நல்ல வார்த்தை பேசுங்கள் என்பது அதன் கருத்து. உணவும் உடையும் ஆஸ்பத்திரியில் கிடைக்கும். மூன்றாவதை யார் கொடுப்பது?

இங்கிருந்து தஞ்சோங் ரம்புத்தானுக்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். பஸ் செலவுக்கு வழியில்லாத தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கடைக்காரர்கள் முறைவைத்து வேன் விடலாமா என்று சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன்.