பிராதில் விடுபட்ட பெயர்

ஒரு குடும்பத்தில் யார் யார் இருக்கின்றனர் என்னும் கேள்விக்கு, விருந்து நாளில் கிடைக்கும் விடை வேறு. பாகப்பிரிவினை நாளில் கிடைக்கும் விடை வேறு. முன்னதில் மணமாகிச் சென்ற மகளுக்கு முதல் அழைப்பு. பின்னதில் அவள் பெயரே மறந்துபோகிறது.

அரூர் வட்டத்தில் 4 ஏக்கர் 80 சென்ட் புன்செய் வைத்திருந்த முஸ்லிம் ஒருவர், மனைவியையும் இரு மகன்களையும் இரு மகள்களையும் விட்டு மறைந்தார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். கடனும் வஸிய்யத்தும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 60 சென்ட். எஞ்சியதில் மகனுக்கு 140 சென்ட் வீதமும் மகளுக்கு 70 சென்ட் வீதமும் சேரும். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மையே. ஆனால், 1949இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அவ்விலக்கை நீக்கிவிட்டது. எனவே இக்கணக்கிலிருந்து அரூர்ப் புன்செய்யும் தப்பாது.

இப்போது இளையவர் மூத்தவர்மீது மட்டும் பாகவழக்குத் தொடுக்கிறார். “சகோதரிகளுக்குத்தான் நகையும் சீரும் கொடுத்தாயிற்றே!” என்பது அவர் சமாதானம். தாயின் பெயரும் பிராதில் இல்லை. இது வெறும் எழுத்துப் பிழையா? அறப் பிழையா?

சட்டம் முதலில் பேசட்டும். பங்குதாரர் ஒவ்வொருவரும் பாகவழக்கில் அவசியத் தரப்பினர். ஒருவர் பங்கை அறுதியிடாமல் மற்றவர் பங்கை அளக்க இயலாது. கேட்கப்படாதவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தவும் செய்யாது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பில், கட்டளை 1, விதி 10இன்படி, விடுபட்டவரை வழக்கின் எந்நிலையிலும் நீதிமன்றம் சேர்க்கலாம். எவரும் மனுச் செய்யாவிடினும் சேர்க்கலாம். ஆயினும் அந்தக் கருணையை நம்பிச் சோம்பியிருத்தல் ஆபத்து. தரப்பினர் குறைவால் வழக்குத் தோற்காது என்னும் பொது விதி, அவசியத் தரப்பினருக்குப் பொருந்தாது என 1976ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது.

அதற்கு முன்பே, 1963இல், கனகரத்தினம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை உணர்த்தியது. அது பாகவழக்கன்று, தாயின் சொத்து தமக்கே உரியதென மகள் கோரிய வழக்கு. சொத்து தாயுடையதே என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால், உடன்வாரிசுகளான சகோதரர்களை அவர் சேர்க்கவில்லை. அதனால் வழக்கே வீழ்ந்தது. அங்கே விடுபட்டவர்கள் ஆண்கள்! ஆகவே மறதி ஒரு பாலாருக்கு மட்டும் உரியதன்று.

திருமறையின் நான்காம் அத்தியாயம் வகுக்கும் பங்கு, உடன்பிறந்தவன் இரங்கித் தரும் ஈகையன்று. தந்தையின் மூச்சு நின்ற கணத்திலேயே சேர்ந்துவிட்ட உரிமை. உஹதுப் போரில் (625) ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவை, தம் இரு பெண் மக்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியபின், மக்களுக்கு மூன்றில் இரண்டும், தாய்க்கு எட்டில் ஒன்றும் வழங்குமாறும், மிஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறும் அச்சகோதரருக்கு ஆணையிட்டார்கள். விடுபட்டவர் முறையீடு கேட்கப்பட்ட பிறகே பங்கு பிறந்தது.

“எனக்கு வேண்டாம் என்று சகோதரியே சொல்கிறாளே?” எனலாம். சொல்லட்டும், ஆனால், கைக்கு வராத பொருளை எங்ஙனம் விட்டுக்கொடுப்பது? ஹிபா நிறைவேறப் பொருளை ஒப்படைத்தல் வேண்டும். முதலில் அவள் பங்கு அவளுடையதாகட்டும். பின்னர் மனமுவந்து தந்தால் அது அன்பளிப்பு. அதற்கு முன் பெறும் ‘வேண்டாம்’, பிறந்தகத்து வாசல் அடைபடுமோ என்னும் அச்சத்தின் மறுபெயராகவும் இருக்கக்கூடும்.

உடன்பிறந்தாளைப் பிரதிவாதியாக்குவதோ என்று கூசுவோரும் உளர். பாகவழக்கில் பிரதிவாதி பகைவர் அல்லர். வாதியைப் போலவே தம் பங்கைக் கோரும் உரிமையுடையவர். அவள் பெயரை எழுதுவது அவமதிப்பன்று; எழுதாமல் விடுவதே அவமதிப்பு.

ஆதலின், வழக்கறிஞரிடம் செல்லுமுன் வீட்டில் ஒரு தாளை எடுத்து, மறைந்தவரின் வாரிசுகள் அனைவரையும் எழுதுங்கள். எந்தப் பெயரருகே பேனா தயங்குகிறதோ, அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள். நீதிமன்றம் பின்னாளில் சேர்க்கச் சொல்வதை, நம் மனச்சான்று இன்றே சேர்த்துவிடட்டும்.