யாருடைய மணி நேரம்?

என் லேப்டாப்பில் ஒரு எக்செல் தாள் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து கையில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பித்தபோது தொடங்கியது. எந்தப் பொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்ற கணக்கு அதில் இருக்கும். என் அப்பா ஒரு செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குவார். கடைசியில் முதல் கடைக்கே திரும்பிவந்து, பத்து ரூபாய் குறைத்துக் கேட்டு வாங்குவார். அவருக்கு விலை என்ற ஒரே அளவுகோல் போதுமாக இருந்தது. இன்ஜினியரிங் படித்த எனக்கு எதையும் எதாலாவது வகுத்துப் பார்த்தால்தான் நிம்மதி.

கணக்கு ரொம்ப எளிமையானது. பொருளின் விலையை, அதைப் பயன்படுத்தப்போகும் மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 24,000 ரூபாய்க்கு ஒரு நாற்காலி. நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள், ஏழு வருடம். மொத்தம் 14,000 மணி நேரம். ஆக, மணிக்கு 1 ரூபாய் 71 காசு. அதுவே 6,000 ரூபாய் நாற்காலி என்றால் இரண்டு வருடத்தில் பஞ்சு அமுங்கிவிடும். மணிக்கு 1 ரூபாய் 50 காசு. வித்தியாசம் 21 காசுதான். 21 காசுக்கு முதுகுவலி இல்லாத ஒரு மணி நேரம் கிடைக்கிறதென்றால் வாங்காமல் விடுவோமா? மாறாக, வருடத்துக்கு நாலு கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற 5,000 ரூபாய் சட்டையை இதே மாதிரி வகுத்தால், மூன்று வருடம் உழைத்தாலும் மணிக்கு நூறு ரூபாய்க்கு மேல் வருகிறது. அதற்கு எதிரே 'வேண்டாம்' என்று போட்டேன்.

ஃபேனுக்கும் இதே கதைதான். பழைய மாதிரி சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்தது 30 வாட்டில் ஓடிவிடும். தினம் 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஏறத்தாழ 197 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 1,180 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 1,500 ரூபாய் ஒன்றேகால் வருடத்தில் திரும்பி வந்துவிடும்.

தாளில் 'வேண்டாம்' என்று முடிந்த வரிகள் நிறைய உண்டு. அதில் ஒன்று: 'ஸ்பின் மாப், 1,600 ரூபாய். வேண்டாம், துணியே போதும்.' இந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

என்னை மாதிரி ஆட்களுக்குப் பிடித்த ஒரு கதை இருக்கிறது. டெர்ரி பிராட்செட் 1993-இல் எழுதிய 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் வைம்ஸ் என்று ஒரு போலீஸ்காரர் வருவார். ஐம்பது டாலர் கொடுத்தால் வருடக்கணக்கில் உழைக்கும் நல்ல பூட்ஸ் கிடைக்கும். அவரிடம் பத்து டாலர்தான் இருக்கும். பத்து டாலர் பூட்ஸ் ஒன்றிரண்டு பருவத்தில் ஓட்டையாகிவிடும். பத்து வருடத்தில் ஏழை நூறு டாலர் செலவழித்திருப்பான், ஆனாலும் கால் நனைந்துகொண்டுதான் இருக்கும். பணக்காரன் பணக்காரனாகவே இருப்பதற்கு அவன் குறைவாகச் செலவழிப்பதும் ஒரு காரணம் என்கிறார் வைம்ஸ். இதைப் படித்தபோது என் தாளுக்கு ஒரு நியாயம் கிடைத்தமாதிரி இருந்தது. அப்பாவால் வாங்க முடியாத பூட்ஸை நான் வாங்குகிறேன், அவ்வளவுதானே.

அதற்காக விலை கூடினால் தரம் கூடும் என்று நம்புகிற ஆளும் நானில்லை. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பிற்பாடு 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டுரையின் சாரம்: நல்ல காரையும் ஓட்டை காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில், அவர் நல்ல காருக்கும் நடுவாந்திர விலைதான் தருவார். அது கட்டுப்படியாகாமல் நல்ல காரை வைத்திருப்பவர் ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் மோசமானது மிஞ்சும். மரச்செக்கு எண்ணெய் என்று பாட்டிலில் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது எந்தச் செக்கில் ஆட்டியது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். என் உடம்போ மின்சார மீட்டரோ சாட்சி சொல்லக்கூடிய பொருளுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பது. நாற்காலிக்கு முதுகு சாட்சி. ஃபேனுக்கு மீட்டர் சாட்சி.

இவ்வளவு தெளிவாகத்தான் இருந்தேன்.

வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு நாள், மீட்டிங்கில் இருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார். "காலத் தூக்குங்க தம்பி" என்றார். நான் 24,000 ரூபாய் நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் குத்துக்காலிட்டு நாற்காலிக்கு அடியில் துடைத்தார். கையில் இருந்தது என் பழைய கம்பெனி டி-ஷர்ட். துடைத்து முடித்து எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்கு நாற்காலியின் கையைப் பிடித்தார். சக்கரம் வைத்த நாற்காலி, நகர்ந்துவிட்டது. சட்டென்று சுவரில் கையூன்றிச் சமாளித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல, முட்டிதான். நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஒரு நாளைக்கு நாலு வீடு அவருக்கு.

அன்று இரவு தாளைத் திறந்து மாப் இருந்த வரியைப் பார்த்தேன். விலை 1,600. பயன்படுத்தும் நேரம் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம். ஏனென்றால் நான் வீடு துடைப்பதில்லை. பூஜ்ஜியத்தால் வகுத்தால் எக்செல் பிழை காட்டும். எனக்கும் காட்டியிருக்கும். நான் அந்தச் சூத்திரத்தை அழித்துவிட்டு 'துணியே போதும்' என்று கையால் எழுதியிருந்தேன். அவருடைய நேரத்தைப் போட்டால் என்ன வரும்? தினம் அரை மணி நேரம், வருடத்துக்கு 300 நாள், மாப் மூன்று வருடம் உழைக்கும் என்றால் 450 மணி நேரம். மணிக்கு மூன்றரை ரூபாய். என்னுடைய பழைய அளவுகோலின்படியே வாங்கியிருக்க வேண்டிய பொருள்.

என் சூத்திரத்தில் தவறில்லை. அதில் 'மணி நேரம்' என்ற சொல்லுக்கு 'என் மணி நேரம்' என்று யாரும் சொல்லாமலே நான் பொருள் வைத்திருந்தேன். உடம்புக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற பொருளில் கஞ்சத்தனம் கூடாது, செருப்பும் மெத்தையும் நல்லதாக வாங்கு என்று நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் தரைக்குப் பக்கத்தில் தினமும் இருந்தது அவருடைய உடம்பு.

இதன்பிறகு மலிவான எதைப் பார்த்தாலும், மீதியை யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு கேள்வி வந்து நிற்கிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பது அதன் சாரம். கேரளத்தில் 2018-லேயே இப்படி ஒன்று வந்துவிட்டது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களின் வாழ்க்கையை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் காட்டியபோது எல்லோரும் அழுதோம். அடுத்த தீபாவளிக்கு அதே மாதிரிக் கடைகளில் போய்த் துணி எடுத்தோம். ஒரு ஸ்டூல் என்ன விலை இருக்கும்? அதைப் போட ஒரு சட்டம் தேவைப்பட்டதென்றால், முதலாளியின் தாளிலும் அந்தக் கட்டத்தில் பூஜ்ஜியம்தான் இருந்திருக்க வேண்டும். நிற்பது அவர் கால் இல்லையே.

ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டையும் பாருங்கள். அந்த வழியைத் திறந்துவிட்டவர்களில் முக்கியமானவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். வைம்ஸின் கணக்கு இங்கே தலைகீழ். பல பிராண்டுகளில் பாட்டிலைவிடப் பாக்கெட்டில்தான் மில்லிக்கு விலை குறைவு. வாங்குகிற ஏழைக்கு நஷ்டமில்லை, நல்ல விஷயம். ஆனால் அந்தக் காலி பாக்கெட் போய்ச் சாக்கடையை அடைக்கும். அடைப்பை எடுக்கிறவருடைய நேரம் அந்த ஒரு ரூபாயில் சேரவில்லை.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்காளராகப் பயின்றவர். பிறகு காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக வேலை செய்தார். ஒரு பொருளை வாங்குகிறவருக்கு, அது எப்படி உண்டாக்கப்பட்டது என்பதிலும் பொறுப்பு உண்டு என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். 1935-இல் நூல் நூற்கிறவர்களுக்கு வாழப் போதுமான கூலி தர வேண்டும் என்று காந்தி வலியுறுத்தினார். கூலி ஏறினால் கதர் விலை ஏறும், யார் வாங்குவார்கள் என்று அவருடைய ஆட்களே கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான். என் அப்பாவிடம் போய்க் 'கூடுதலாகக் கொடுங்கள், நெசவாளி பாவம்' என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் பள்ளிக்கூட ஃபீஸ் ரசீதைக் காட்டியிருப்பார். கூடுதலாகக் கொடுக்க முடிகிறவர்களிடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். நான் அப்படிப்பட்ட ஆள். எனக்கு ஃபீஸ் ரசீது சாக்கு கிடையாது.

சரி, மாப் வாங்கினேனா? அடுத்த வாரமே வாங்கினேன். பெட்டியைப் பிரித்து, வாளியில் சுற்றிப் பிழிந்து காட்டி, ஏதோ பெரிய காரியம் செய்தமாதிரி நின்றேன். அக்கா சிரித்தார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஹாலில் மட்டும் மாப், சமையலறையில் பழையபடி குத்துக்காலிட்டுத் துணி. ஏன் என்று கேட்டேன்.

"மூலைக்குப் போக மாட்டேங்குது தம்பி. எவ்வளவு ஆச்சு இது?"

சொன்னேன்.

"வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? முட்டி போறது உங்க வீட்டுல இல்ல. மூணாவது வீட்டுல மூணு மாடி, லிஃப்ட் கெடையாது. மீதி மூணு வீட்டுலயும் ஆளுக்கு எழுநூறு ஏத்திக் குடுத்தா அத விட்டுருவேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மனசு பெருக்கிவிட்டது. 700 பெருக்கல் 12. வருடத்துக்கு 8,400. ஒவ்வொரு வருடமும். அதோடு பார்த்தால் 1,600 ரூபாய் மாப் ரொம்ப மலிவு. நான் அவருடைய முட்டிக்காக வாங்கினேன் என்று நினைத்திருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வர வேண்டும் என்பதற்காக, கிடைத்ததில் விலை குறைந்ததை வாங்கியிருக்கிறேன். அவருடைய மணி நேரத்தை என் தாளில் சேர்த்துவிட்டேன், சரி. அந்த நேரத்தில் அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் நானே நிரப்பிவிட்டேன்.

இப்போது தாளில் ஒரு புதுப் பத்தி இருக்கிறது: 'யாருடைய மணி நேரம்?' அதற்குப் பக்கத்தில் இன்னொன்று: 'கேட்டாச்சா?' இரண்டாவது பத்தி பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. சட்டை தைத்தவரை நான் எங்கே போய்க் கேட்பது? கேட்க முடியாத இடத்தில் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கேட்க முடிகிற இடத்திலாவது கேட்கலாம், அது நம் வீட்டு வாசலுக்கு உள்ளேயே இருக்கிறது.

சம்பளத்தில் 700 ஏற்றிவிட்டேன். அவர் வேலை செய்யும் மற்ற இரண்டு வீட்டிலும் பேசிப்பார்த்தேன். ஒருவர் 400 தருவதாகச் சொன்னார். இன்னொருவர், "நீங்க ஏத்திவிட்டுட்டுப் போயிடுவீங்க சார், அப்புறம் எங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். கணக்கில் இன்னும் ஆயிரம் ரூபாய் குறைகிறது. அக்கா மூணாவது வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.