நீங்கள் இல்லாத ஒரு வாரம்

மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்கு வரும் அம்மாக்கள், பிள்ளைக்குத் தலை வாரி, பவுடர் பூசி, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டு அழைத்து வருவார்கள். உளவியலாளர் கேட்பார், "தானே சாப்பிடுவானா?"

"சாப்பிடுவான் சார்."

"சட்டை?"

"அதெல்லாம் அவனே போட்டுக்குவான் சார்."

இதில் பொய் ஏதும் இல்லை. சோற்றைப் பிசைந்து தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவான்தான். சட்டையில் கையை நுழைத்துக்கொள்வான், பொத்தானை அம்மா போட்டுவிடுவார். அக்கம்பக்கத்தார் வாயில் விழாமல் இருக்க "என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்" என்று காலமெல்லாம் சொல்லிப் பழகியவர், டாக்டர் முன்னால் மட்டும் எப்படி மாற்றிச் சொல்வார்?

அறிவுசார் குறைபாட்டை அளக்கும்போது ஐ.க்யூ. சோதனையோடு, இப்படி வீட்டாரைக் கேட்டுப் போடும் மதிப்பெண்ணையும் பார்க்கிறார்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி வீட்டார் பதிலில் வரும் அந்த மதிப்பெண் 69 ஆக இருந்தால் 50 சதவீதக் குறைபாடு, 70 ஆகிவிட்டால் 25 சதவீதம்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி முக்கியமான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். 2023-ல் தமிழ்நாடு அரசு 2,000 ரூபாயாக உயர்த்திய மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு அதே 40தான். பெருமையோடு சொன்ன ஒரு பதில் போதும், எல்லாம் கைவிட்டுப் போய்விடும்.

"டாக்டரே எழுதிட்டாரு, இனிமே யாருகிட்ட போய்க் கேக்கறது" என்று திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அதே சட்டத்தின் 59-வது பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. சான்றிதழ் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கின்றன அச்சட்டத்தின் 2017 விதிகள். மருத்துவரின் கணக்கும் தவறலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கும்போது, கேட்பதற்கு நாம் ஏன் கூச வேண்டும்?

மனு எழுத உட்காரும்போதுதான் உண்மையான கஷ்டம் தெரியும். இத்தனை நாள் மூடி வைத்ததையெல்லாம் வரி வரியாக எழுத வேண்டும். குளிக்கப் போவான், ஹீட்டரை அணைக்கத் தெரியாது. கடைக்குப் போவான், மீதிச் சில்லறை சரியா என்று பார்க்கத் தெரியாது. பெற்ற பிள்ளையைப் பற்றித் தானே புகார் எழுதுவதுபோல அம்மாவுக்குக் கை நின்றுவிடும்.

அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தால் ஒன்று புலப்படும். "அவனால் முடியும்" என்று அவர் சொன்ன ஒவ்வொரு காரியத்திலும் பாதி அவருடைய வேலை. படிவத்தில் அது பிள்ளையின் திறமையாகப் பதிவாகிவிட்டது. அலட்சியமாக வளர்த்திருந்தால் சதவீதம் கூடியிருக்கும். கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டதாலேயே உதவி மறுக்கப்படுகிறது. இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது?

அந்த உழைப்பைக் கழித்துவிட்டு அவனை அளந்து பாருங்கள் என்று மனுவில் தைரியமாக எழுத வேண்டும். கேள்வி கேட்பவரும் "தானே சாப்பிடுவானா" என்பதோடு நிறுத்திவிடாமல், "நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லை என்றால் என்ன செய்வான்?" என்று கேட்க வேண்டும். அதற்கு எந்த அம்மாவும் "அவனே பார்த்துக்குவான் சார்" என்று சொல்லமாட்டார்.